அம்மா பையில் இருந்த வாழைப்பழம்

ஆஸ்திரேலியாவின் மிஷன் பீச் ஊருக்கு வீடு மாறி வந்த வாரம், பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று சொன்னது ஒன்றுதான்: குப்பைத் தொட்டியை இறுக்கி மூடு, பழத்தோலைத் தோட்டத்தில் போடாதே, கசோவரி வரும்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியில், இந்த மழைக்காடுகளில் வாழும் பறக்காத பறவை அது. கிட்டத்தட்ட ஆள் உயரம். பெட்டை அறுபது கிலோவையும் தாண்டும். கரிய உடம்பு, நீலக் கழுத்து, அதில் தொங்கும் சிவப்புத் தசை, தலையில் கொம்பு மாதிரி ஒரு மகுடம். காலின் உள்விரல் நகம் 12 செ.மீ. வரை, குத்துவாள் போல நீண்டிருக்கும்.

போன வருஷம் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். காக்கைக்கு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிடாதவர். லிக்குவாலா விசிறிப்பனைக் காட்டுக்கு நடக்கக் கூட்டிப்போனேன். குடை அளவுக்கு வட்ட வட்டமாக ஓலைகள். வெயில் பச்சையாகத்தான் கீழே இறங்கும். பாதை திரும்பிய இடத்தில், பத்தடி தள்ளி அது நின்றது.

அம்மாவின் கை பைக்குள் போனது. உள்ளே வாழைப்பழம்.

"வேண்டாம்மா. ஓடவும் வேண்டாம்."

பையை வாங்கி எங்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து ஒரு மரத்தின் மறைவுக்குப் போனோம். அது எங்களைப் பார்த்தது. அப்புறம் குனிந்து, உதிர்ந்து கிடந்த நீலப் பழம் ஒன்றைக் கொத்தி, தலையை உயர்த்தி முழுசாக விழுங்கியது. பின்னாலேயே உடம்பெல்லாம் கோடு போட்ட மூன்று குஞ்சுகள்.

"அது அப்பாம்மா. முட்டையை ஐம்பது நாள் அடைகாப்பதும் அவர்தான், மாதக்கணக்கில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் அவர்தான்."

"பிள்ளைக்காரனுக்கு ஒரு பழம் கொடுத்தால் என்னடி?"

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் இங்கே வந்துதான் பதில் தெரிந்தது. மனிதர்களைத் தாக்கிய 150 சம்பவங்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. முக்கால்வாசியில் தாக்கியவை, ஏற்கெனவே மனிதர் கையால் தீனி தின்று பழகிய பறவைகள். பழகியது ஆளைக் கண்டால் பழம் எதிர்பார்க்கும், கிடைக்காவிட்டால் உதைக்கும். சாலையோரமே நின்று கார்களில் அடிபடும், நாய்களிடம் சிக்கும். 2011இல் யாசி புயல் காட்டை மொட்டையடித்தபோது பழம் வைக்க வேண்டி வந்தது; அதைக்கூட மனித நடமாட்டம் இல்லாத காட்டுக்குள்தான் வைத்தார்கள்.

திரும்பும் வழியில் பாதை நடுவே ஊதா நிறத்தில் எச்சக் குவியல், முழுக்க விதைகள். நெல்லிக்காய் அளவில்கூட சில. இவ்வளவு பெரிய விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட இந்தக் காட்டில் வேறு பறவை இல்லை என்றேன். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டபிறகுதான் வாழைப்பழத்தை உரித்தார். பாதி எனக்கு. தோலைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.