எதை அளக்கிறோமோ அதற்கேற்ப கார் கட்டுவார்கள்

அமெச்சூர் சர்க்யூட் பந்தயத்தில் கார்களைப் பிரிவு பிரிப்பவரை விடாமல் துரத்துவது ஒரே கேள்விதான்: "என்னை ஏன் அவனோடு போட்டீர்கள்?" பழைய 1600 சிசி கார், புது டர்போ ஹேட்ச்பேக், ஆறு சிலிண்டர் பின்சக்கர செடான் மூன்றையும் சமமாக்க யாராலும் முடியாது. பந்தயம் முடிந்த பத்து நிமிடத்தில் அளந்து பார்க்கக்கூடிய சில எண்களுக்குள் அவற்றைக் கட்டிவைக்கலாம், அவ்வளவுதான். அளக்க முடியாத விதியால் தண்டனை அடைபவர் நேர்மையாளர் மட்டுமே.

எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிக்கும் சிசி கணக்கு பழையது, எளியது, ஏமாற்றக்கூடியது. 1980-களில் 'குரூப் பி' என்ற ராலி கார் பிரிவில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கினார்கள். லான்சியா டெல்டா எஸ்4 எஞ்சின் 1759 சிசி, பெருக்கினால் 2463. அதாவது 2500-க்குள். அந்த எண் தற்செயல் அல்ல, விதிப்புத்தகத்தைப் பார்த்தே எஞ்சின் வரைந்தார்கள். பெருக்கெண் பிறகு 1.7 ஆனது. ஆனாலும் எந்தப் பெருக்கெண்ணுக்கும் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) எவ்வளவு என்பது தெரியாது.

அதனால் இன்று பல கிளப்புகள் எடையைக் குதிரைத்திறனால் வகுக்கின்றன. 900 கிலோ, 100 குதிரைத்திறன் என்றால் 9.0. 1350 கிலோ, 150 குதிரைத்திறன் என்றாலும் 9.0. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான், களத்தில் இல்லை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஒரு சாதாரண காருக்குக் காற்றைப் பிளக்க மட்டுமே சுமார் 98 குதிரைத்திறன் போய்விடும். காற்றுக்கு எடை தெரியாது. சின்ன கார் அந்த வேகத்தையே தொடாது. பெரிய காருக்கோ கையில் இன்னும் மிச்சம் இருக்கும். வளைவுக்குள் கதை தலைகீழ்: கனமான கார் டயரையும் பிரேக்கையும் சீக்கிரம் வேகவைக்கும். நீண்ட நேர்பாதை உள்ள களத்தில் ஒருவர் புகார் சொல்வார், வளைவுகள் நிறைந்த களத்தில் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான்.

உச்சத் திறனை மட்டும் எழுதிக்கொள்வது அடுத்த பொறி. சாதாரண எஞ்சின் 6500 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சி) 150 குதிரைத்திறன் தரும், கியர் மாற்றியதும் 115-க்கு விழும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலை வைத்து உச்சியை வெட்டிய பெரிய எஞ்சினோ 5000 முதல் 6500 வரை தட்டையாக 150 தரும். தாளில் இரண்டும் 150. ஆகவே, ஓட்டும்போது பயன்படும் ஆர்பிஎம் எல்லைக்குள் 250 ஆர்பிஎம்முக்கு ஒரு புள்ளி எடுத்துச் சராசரி காண்பதே சரி. கேட்பதற்கு அலுப்பான வேலை, ஆனால் பாதிச் சண்டையை இதுவே தீர்க்கும்.

சக்கரங்களை உருளையில் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோ கருவி தரும் தாளையும் அப்படியே நம்பக்கூடாது. சுமை ஏற்றும் வகை டைனோக்கள் வெறும் உருளையைச் சுழற்றும் வகையைவிடப் பொதுவாகக் குறைவாகக் காட்டும். தாளின் மூலையில், வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்குமான திருத்தக் குறி எஸ்ஏஇ என்றிருக்கிறதா, எஸ்டிடி என்றிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டிடி சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும். 150-க்கு அது 6 குதிரைத்திறன். 9.0 பிரிவில் 54 கிலோவுக்குச் சமம்! ஒரே டைனோ, ஒரே திருத்தம், 1:1-க்கு மிக நெருங்கிய கியர், தொடர்ந்து மூன்று ஓட்டம் என்று விதியில் எழுதிவிட வேண்டும். எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவில் இரண்டு மேப் (எஞ்சின் அமைப்பு) வைத்து, டைனோவில் ஒன்று, களத்தில் ஒன்று என்று ஓட்டுபவர்களுக்கு டைனோவால் மருந்து கிடையாது. வேகத்தைப் பதிவுசெய்யும் கிளப்பின் சொந்த ஜிபிஎஸ் லாகரை முன்னறிவிப்பின்றிக் காரில் பொருத்துவதுதான் வழி. எடை தெரியும், முடுக்கம் தெரியும்; திறன் தானாக வந்துவிடும்.

எடைத்தராசில் சிக்கல் குறைவு, வாக்குவாதம்தான் அதிகம். களத்திலிருந்து நேராகத் தராசுக்கு, ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உள்ளே, நடுவில் எதையும் ஊற்றக்கூடாது. ஓட்டுநரின் உடலைக் குளிர்விக்கும் கூல்சூட் பெட்டியின் தண்ணீரும் அதில் அடக்கம். 20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 15 கிலோ; கடைசிச் சுற்றுக்குப் பின் டேங்கில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுவது ஓட்டுநரின் பொறுப்பு. 2 கிலோ குறைந்தாலும் குறைந்ததுதான். சலுகை கொடுத்தால் அடுத்த வாரமே அந்தச் சலுகை புது வரம்பாகிவிடும். கூடுதல் எடையை எல்லோரும் தண்டனையாகவே பார்க்கிறார்கள், அது முழு உண்மை இல்லை. ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத் தரையில், தாழ்வாக, பெரிய வாஷரும் போல்ட்டும் போட்டு இறுக்கிய 40 கிலோ கூடுதல் எடை, காரின் இடவல எடையைச் சமன் செய்யும். எடையை மட்டும் எழுதி இடத்தை எழுதாமல் விட்டால், தண்டனையோடு ஒரு பரிசும் சேர்ந்து போகும்.

டயருக்கு அகலத்தை அளந்துவிடலாம். டயரின் தேய்மானத் தரத்தைக் காட்டும் ட்ரெட்வேர் எண்ணை நம்புவதுதான் கஷ்டம், அதைத் தயாரிப்பாளரே தன் டயருக்கு இடுகிறார். விதியில் '200' என்று போட்டால் 200 என்று முத்திரையிட்ட, வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயரான ஸ்லிக்குக்கு அக்காள் தங்கையான டயர்கள் வந்து நிற்கும். மாடல் பெயர்களைப் பட்டியலிட்டுவிடுவது அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்யும்.

சுற்று நேரத்தைப் பார்த்துப் பிரிவை மாற்றச் சொல்பவர்கள் நிறைய. அதில் ஓட்டுநரின் திறமை கலந்திருக்கிறது. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி மறைப்பவரும் இருக்கிறார். லாகரில் இரண்டு இடம் போதும்: மூன்றாம் கியரில் நேர்பாதை முடுக்கம், வளைவின் குறைந்தபட்ச வேகம். முடுக்கம் மிஞ்சினால் காரணம் கார். வளைவு வேகம் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் ஓட்டுநர் அல்லது டயர்.

எல்லோரும் மாஸ்டா மியாட்டா ஓட்டும், ஏறக்குறைய ஒரே காரான 'ஸ்பெக் மியாட்டா' பந்தயப் பிரிவிலேயே 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்களை எடையாலும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் துளையிட்ட ரெஸ்ட்ரிக்டர் தட்டாலும் சமன் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மருந்து அல்ல. 40 மி.மீ. துளையை 39 ஆக்கினால் பரப்பு சுமார் 5 சதவீதம் குறையும். அது உறைப்பது உச்ச ஆர்பிஎம்மில்தான், கீழே எஞ்சின் அதை உணரவே உணராது. எடையோ பிரேக்கிலும் வளைவிலும் புறப்பாட்டிலும் உறைக்கும். நேர்பாதையின் கடைசியில் மட்டும் பறக்கும் காருக்குத் தட்டு, எல்லா இடத்திலும் முந்தும் காருக்கு எடை. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று அடுத்த பந்தயத்தில் யாருக்கும் தெரியாது.