புற்று வந்த செல்லங்களின் வீடுகள்

ஜனவரி 20

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் இன்று ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். தெருவிலிருந்து வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்ட நாய் செவலைக்குச் சிறுநீர் போகும் இடத்தில் ரத்தம் சொட்டுகிறது. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் பிதுக்கிக் காட்டினார்: காலிபிளவர் மாதிரி சிவந்த கட்டி. இணைசேரும்போது கட்டியின் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போய் வளரும் புற்று இது. நம் தெருநாய்களிடம் சாதாரணமாகக் காண்பதுதான்.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்கம்மா, ஒட்டிக்குமா?" என்றார். மனிதருக்கு ஒட்டாது. அப்புறம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்த முக்கியமான செய்தியைச் சொன்னேன்: பெரும்பாலான நாய்களுக்கு இது குணமாகிவிடும். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். நம் ஊர் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் மருந்து அது. கேட்டதும் அவர் மனைவி, "எங்க மாமியார் வீட்டு வாசல்ல நிறைய இருக்கே" என்றார். இலையை அரைத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்று, செடி விஷம், ஊசி மட்டும்தான் என்று அழுத்திச் சொன்னேன்.

ஜனவரி 27

செவலைக்கு இரண்டாவது ஊசி. மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை வெந்துவிடும், அதனால் நாய் துள்ளக் கூடாது. அண்ணன் அதன் தலையைத் தன் முழங்கையில் சாய்த்துக்கொண்டு, "ராசா, இதோ முடிஞ்சிடுச்சு" என்று காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். செவலை கண்ணை மட்டும் உருட்டியது, கால் அசையவில்லை. ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. இதை வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 2

பணி ஓய்வு பெற்ற தம்பதி. ஒன்பது வயது லாப்ரடார், பெயர் ப்ரூனோ. கழுத்துப் பட்டை திடீரென்று இறுகியதைப் பார்த்து அம்மா தடவியிருக்கிறார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி. லிம்போமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்று. பல மருந்துகள் சேர்ந்த கீமோ மாதக்கணக்கில் கொடுத்தால், வகையைப் பொறுத்து சராசரியாக ஓராண்டு வரை கிடைக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டால் பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதனால் முடிவை முன்னாலேயே எடுக்க வேண்டும்.

உறவினர் ஒருவர் அங்கேயே, "நாய்க்குப் போய் கீமோவா?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. பென்ஷனில் எவ்வளவு முடியும் என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு பாசம் என்பதை அளக்க யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் வைத்தியம்தான் என்று இருவரிடமும் சொன்னேன்.

பசி, தாகம் கூடும், ராத்திரி மூத்திரத்துக்கு எழுப்பும் என்று முன்னதாகவே சொல்லி வைத்தேன். மெடிக்கலில் மனிதருக்கான வலி மாத்திரை வாங்கித் தரவே கூடாது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண் வந்து ரத்தம் கசியும்.

பிப்ரவரி 16

ஐயா போன் செய்தார். "எப்பம்மா போதும்னு தெரியும்?" எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் நிலை நன்றாக இருக்க இருக்க 10 வரை மதிப்பெண்; வலி இல்லாவிட்டால் வலிக்கும் அதிகம். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். தினக் காலண்டர் தாளிலேயே எழுதச் சொன்னேன். ப்ரூனோவுக்கு இன்று 48. வாலாட்டியதற்குத் தனியாக மதிப்பெண் உண்டா என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

மார்ச் 9

மதிப்பெண் 30-க்குக் கீழே இறங்கி நான்கைந்து நாளாகிவிட்டது. சோற்றைத் தொடவில்லை. டாக்டர் நாளை வீட்டுக்கே வருகிறார்: முதலில் மயக்க ஊசி, ஆழ்ந்து தூங்கிய பிறகு கடைசி ஊசி. ஐந்து வயதுப் பேத்தியிடம் "தூங்க வைக்கப் போறாங்க" என்று சொல்ல இருந்தார்கள். வேண்டாம் என்றேன். அப்புறம் குழந்தை தானே தூங்கப் பயப்படும். ப்ரூனோ செத்துப்போகும், இனி வராது, நீ செய்த எதனாலும் அல்ல என்று சொல்லலாம். அழுதால் சேர்ந்து அழலாம்.

மார்ச் 13

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "உடனே ஒரு குட்டி வாங்கிடுங்க" என்கிறார்களாம். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ப்ரூனோ எந்த மூலையில் படுக்கும், என்ன சேட்டை செய்யும் என்று கேளுங்கள். இன்று நான் கேட்டேன். அம்மா ஒரு மணி நேரம் பேசினார், ஐயா நடுநடுவே திருத்தினார்.

செவலைக்குக் கட்டி முழுசாகக் கரைந்துவிட்டது. புண் ஆறிய பிறகு அதற்குக் கருத்தடை செய்ய அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். தேதி கேட்கத் திங்கட்கிழமை போக வேண்டும்.