காலிக் குப்பியும் ஒரு மாதிரிதான்

உயிரினங்கள் நீரில் உதிர்த்த டி.என்.ஏ.வைத் தேடும் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் தண்ணீர்க் குப்பிகளில் இரண்டு ரகம் உண்டு. அருகிவிட்ட ஓர் உயிரினம் இந்தக் குளத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்பவர்கள் அனுப்புவது ஒரு ரகம். நுழையக் கூடாத அயல் மீனோ நத்தையோ ஆற்றுக்குள் வந்துவிட்டதா என்று கேட்பவர்கள் அனுப்புவது இன்னொன்று. செய்யும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். முன்னவர் "இருக்கிறது" என்ற பதிலை விரும்புவார், பின்னவர் "இல்லை" என்பதை. அந்த விருப்பத்தை இருவருமே தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் சங்கடம்.

நீரில் வாழும் எந்த உயிரும் தோல் செல், சளி, கழிவு, முட்டை என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. நீரை நுண்துளை வடிதாளில் வடிகட்டி, தாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட இனத்துக்கென வடிவமைத்த பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டைக் கொண்டு, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பிசிஆர் கருவியில் பெருக்கிப் பார்க்கிறோம். ஒரு செல்லுக்குள் பல பிரதிகள் இருப்பதால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைத் தேடுவதே வழக்கம். பிரான்ஸின் குளங்களில் அமெரிக்க புல்ஃபிராக் தவளையை வெறும் நீரிலிருந்தே கண்டறிந்த ஆய்வு 2008இல் வெளியானது. இந்தத் துறை வேகம் பிடித்தது அதன் பிறகுதான்.

சொல்லும்போது எளிது. களத்தில் பாசி படிந்த நீர் பாதி வடிவதற்குள் தாள் அடைத்துக்கொள்ளும், பம்பு முனகும். ஓடையில் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கித்தான் நகர வேண்டும். இல்லையென்றால் நம் கால்கள் கலக்கியதே குப்பிக்குள் வந்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. கருவிகளையும் காலணிகளையும் பிளீச்சில் கழுவ வேண்டும். இத்தனைக்கும் மேல், சுத்தமான நீர் நிரப்பிய குப்பி ஒன்றைக் களத்துக்கே கொண்டுபோய், அங்கேயே திறந்து, மற்ற குப்பிகளைப் போலவே வடிகட்டுவோம். இதைத்தான் காலிக் குப்பி என்கிறோம். அதில் டி.என்.ஏ. தென்பட்டால் அன்றைய "இருக்கிறது" எதையும் நம்ப முடியாது.

"இல்லை" என்ற பதிலும் ஏமாற்றும். இலைச் சருகு ஊறிப் பழுப்பேறிய நீரில் உள்ள ஹியூமிக் அமிலங்கள் பிசிஆரையே முடக்கிவிடும். அப்போது கருவி காட்டுவது உயிரினம் இல்லாததை அல்ல, வினை நடக்காததை. அதனால் நமக்குத் தெரிந்த ஒரு டி.என்.ஏ.வையும் கூடவே சேர்க்கிறோம். அதுவும் பெருகவில்லையென்றால் மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஓட்டுவோம்.

சிகாகோ நீர்வழிகளில் நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் அறிவார்கள். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்குள் ஆசியக் கெண்டை என்ற அயல் மீன்கள் புகாதபடி அங்கே மின்தடுப்பு அமைத்திருந்தார்கள். தடுப்பைத் தாண்டியும் அவற்றின் டி.என்.ஏ. இருப்பதாக 2009இல் செய்தி வந்ததும், மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. பறவை எச்சம், படகின் அடிப்பகுதி, செத்த மீன் என எதிலிருந்தும் அது வந்திருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. 2010 ஜூனில் தடுப்புக்கு அப்பால், கேலுமெட் ஏரியில், ஆசியக் கெண்டைகளில் ஒரு வகையான பெருந்தலைக் கெண்டை ஒன்று உயிருடன் பிடிபட்டது. இதனால் ஐயமெல்லாம் வீண் என்று ஆகிவிடாது. 2022இல் இங்கிலாந்தின் ஒரு விலங்குக்காட்சிச் சாலையில் காற்றை வடிகட்டிச் சோதித்தபோது, அங்கே வாழும் விலங்குகளோடு அவற்றுக்குத் தீனியாகப் போடும் கோழி போன்றவற்றின் இறைச்சியின் டி.என்.ஏ.வும் கிடைத்தது. சமிக்ஞை உண்மையானதுதான், கோழி அங்கே வசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை இருக்கின்றன, குஞ்சா, முதிர்ந்ததா என்ற கேள்விகளுக்கு எங்களிடம் உறுதியான பதில் கிடையாது. இருந்தும் எண்ணிக்கை கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குள் அதிகம் விவாதமாவது, எவ்வளவு சமிக்ஞை வந்தால் "இருக்கிறது" எனலாம் என்ற எல்லைக்கோடு பற்றித்தான். இங்கிலாந்தில் கிரேட் கிரெஸ்டட் நியூட் என்ற நீர்ப்பல்லியைத் தேடும்போது ஒரு குளத்தின் மாதிரியைப் 12 முறை பிசிஆரில் ஓட்டுகிறார்கள். ஒன்றில் வினை நடந்தாலும் குளம் "இருக்கிறது" பட்டியலில் சேரும். பாதுகாக்க வேண்டிய உயிருக்கு இது நியாயம் என்பதே என் கருத்து. தவறவிட்டால் குளமே கட்டுமானத்தில் மூடப்படலாம். ஆனால் அதே ஒற்றைச் சமிக்ஞையை நம்பி, அயல் மீனை ஒழிக்க ஏரியில் மருந்து கொட்டச் சொல்ல மாட்டேன். அது மற்ற மீன்களையும் கொல்லும். அங்கே மறு மாதிரி எடுக்க வேண்டும், வலையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரின் விருப்பம் கைகளுக்குள் இறங்கிவிடாமலிருக்க, எது காலிக் குப்பி, எது குளத்து நீர் என்பதை பிசிஆர் ஓட்டுபவருக்குச் சொல்வதில்லை. எண் மட்டுமே ஒட்டியிருக்கும். கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணீருக்கும் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மாதிரி எடுக்கும் இடங்களைக் குறையுங்கள், காலிக் குப்பியில் கை வைக்காதீர்கள் என்பேன். பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். மறுப்பவர்களின் வேலையை நாங்கள் எடுப்பதில்லை.