பச்சை விளக்கு

"கருவியில் கோளாறு இல்லை அம்மா. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நானே பார்த்தேன்."

எங்கள் கருவிகளைக் கவனித்துவந்த அண்ணன் இதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. "அளவுகளை நீக்கும் விதிமுறை அப்படித்தான் அண்ணா" என்றேன். அவர் போய்விட்டார்.

2024 மே 10. இரவு 10.35 மணி அளவில் சூரியப் புயலின் முதல் அடி பூமியின் காந்தப்புலத்தில் விழுந்தது. விடிந்தபின், அந்தக் காந்தப்புலம் எவ்வளவு வலுவிழந்தது என்று காட்டும் டிஎஸ்டி குறியீடு −400 நானோடெஸ்லாவுக்கும் கீழே இறங்கியது. காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம்பிடித்தன. வேலூரில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் மாடி ஜிபிஎஸ் ரிசீவருக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் எவ்வளவு எலெக்ட்ரான்கள் இருக்கும் என்று கணிக்கும் ஐ.ஆர்.ஐ. என்ற கணக்கு மாதிரி அந்த இரவுக்கு வழவழப்பான ஒரு வளைகோட்டைத் தந்தது. ரிசீவர் அளந்த கோடு அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு எகிறியும் விழுந்தும் கிடந்தது. அந்த மணிகளை நான் கழித்துவிட்டேன். மாதிரியின் பிழை குறைந்தது. அறிக்கை அழகாக அமைந்தது.

நான் இஷ்டத்துக்குக் கழிக்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஓர் எல்லைக்கு மேல் தாவினால் அந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்ற விதியைப் புயலுக்கு வெகு முன்பே எழுதிவைத்திருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு இதே போன்ற தாவல்களைக் கண்டு, அயனிமண்டலக் கொந்தளிப்பு என்று பரவசத்துடன் பத்து நாள் கணக்குப் போட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஆன்டெனா கேபிளைக் கடித்திருந்தது. அந்த அவமானத்தில் பிறந்த விதி அது. போதாததற்கு, புயல் இரவில் மின்தடை வேறு வந்தது. யார் என் இடத்தில் இருந்தாலும் நீக்கியிருப்பார்கள்.

அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி அமைதியான நாட்களுக்கானது. ஐ.ஆர்.ஐ. என்பது பல்லாண்டுப் பதிவுகளின் மாதச் சராசரிப் போக்கிலிருந்து கட்டப்பட்டது. சாதாரண நாளில் அது ஓரளவு சரியாகச் சொல்வதில் வியப்பில்லை. அது தடுமாறும் மணிகளில்தான் அதற்குச் சோதனையே. அதிலும் வேலூர் வசதியான இடமல்ல. தென்தமிழகத்தை ஒட்டிச் செல்லும் காந்த நடுக்கோட்டில் மேலெழும் எலெக்ட்ரான்கள் வடக்கே சரிந்து இறங்கும் சரிவின் கீழே இருக்கிறோம். இங்கே மாதிரி ஒரு டெக் அலகு (சிக்னல் கடக்கும் வழியிலுள்ள மொத்த எலெக்ட்ரான்களை அளக்கும் அலகு) பிசகினால் ஜிபிஎஸ் தூரக்கணக்கில் 16 சென்டிமீட்டர் போய்விடும். அந்தப் பிசகைக் காட்ட வந்த சாட்சியை நானே வெளியே அனுப்பிவிட்டேனோ?

செயற்கைக்கோளைக் கேட்டுப் பார்த்தேன். தாழ்வட்டப் பாதையில் ஒன்று அன்று எங்கள் பக்கமாகக் கடந்திருந்தது. எலெக்ட்ரான் அடர்த்தியில் கலக்கம் தெரிந்தது. ஆனால் கடந்த நேரம் மூன்று மணி பிந்தி, கடந்த இடம் சில நூறு கிலோமீட்டர் கிழக்கே. புயலின்போது மூன்று மணி நேரம் என்பது வேறொரு வானம். அதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அண்ணன் ஓய்வுபெற்றபோது தம் குறிப்பேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரவின் பக்கத்தில் இரண்டே வரிகள்: "மின்தடை 2.10 முதல் 2.12. யுபிஎஸ் தாங்கியது, பச்சை." என் கோப்பில் முதல் தாவல் உலக நேரம் 20.31. நம் நேரப்படி 2.01. மின்சாரம் போவதற்கு ஒன்பது நிமிடம் முன்பே கோடு துள்ளத் தொடங்கிவிட்டது. படித்தபோது கை நடுங்கியது. நீக்கிய மணிகளைத் திரும்பச் சேர்த்து அறிக்கையைத் திருத்த அன்றே உட்கார்ந்தேன்.

பிறகுதான் அண்ணன் நேரம் பார்த்து எழுதிய அந்த அறையின் சுவர்க்கடிகாரம் நினைவுக்கு வந்தது. கடைசிப் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று அதை எப்போதும் சில நிமிடம் முன்னதாகவே வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடமா, பத்து நிமிடமா? பத்து என்றால் மின்தடைதான் முந்தியது. அறைக்கு வெள்ளை அடித்தபோது அதைக் கழற்றிவிட்டார்கள். அண்ணன் மூன்று முறை வந்து நின்ற அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். திருத்திய அறிக்கை இன்னும் என்னிடமே இருக்கிறது.