18 குட்டிகள், 14 காம்புகள்

அந்தத் தாய்ப்பன்றி முதல்முறை 18 குட்டி போட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் 11. இரண்டு செத்தே பிறந்தன, மூன்று தாய்க்கு அடியில் நசுங்கின, இரண்டு பசியிலும் குளிரிலும் போயின. நிறைய ஈனும் இனம் என்று தேடி வாங்கிய எனக்கு, அதற்கு இருப்பது 14 காம்புதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த ஈற்றுக்கு நாள் எண்ண ஆரம்பித்தேன். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பன்றி வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு, சுமார் 114 நாள். என்னுடையது 116 வரை போகும். ஊசி போட்டு முன்கூட்டியே ஈனவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நாள் நிறையாம வந்தா குட்டி நோஞ்சானா இருக்கும், பொறுங்க" என்றார். பொறுத்தேன்.

தீனியில் செய்துவந்த தப்பையும் திருத்தினேன். ஈற்று நெருங்கினால் தீனியை நிறுத்திவிடுவது என் பழக்கம். 16, 17 குட்டியைத் தள்ளி வெளியேற்றுவது மணிக்கணக்கான உழைப்பு. வெறும் வயிற்றோடு இருக்கும் தாய் பாதியிலேயே களைத்துப்போகும், கடைசிக் குட்டிகள் உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். இந்தமுறை நார்ச்சத்துள்ள தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை வைத்தேன். மலச்சிக்கலும் வரவில்லை.

115ஆம் நாள் காம்பை அழுத்தியதும் பால் துளிர்த்தது. போட்டிருந்த வைக்கோலை வாயால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தது. இரவு ஒன்பதுக்கு முதல் குட்டி. ஒவ்வொன்றும் விழுந்த நேரத்தைச் சிலேட்டில் எழுதினேன். கால் மணிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது, எட்டாவதுக்குப் பிறகு 40 நிமிடம் எதுவும் இல்லை. முன்பானால் உடனே கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை எடுத்திருப்பேன். வழியில் குட்டி சிக்கியிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை இறுக்கிப் பிடிக்கும், தொப்புள்கொடி நெரிந்து உள்ளே இருப்பவை சாகும். தாயை எழுப்பி நாலடி நடக்கவைத்து மடியைத் தடவினேன். பலிக்கவில்லை. கையைச் சுத்தமாகக் கழுவி, உறை போட்டு, வழவழப்பு தடவி உள்ளே விட்டேன். ஒன்று குறுக்கே கிடந்தது. திருப்பி எடுத்து, மூக்குச் சளியைத் துடைத்து, துணியால் அழுத்தித் தேய்த்தேன். கத்தியது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. மீதியெல்லாம் தானாக வந்தன, பின்னங்கால் முன்னால் வந்தவை உட்பட. பன்றிக்கு அது சகஜம்தான்.

17 பிறந்தன, 16 உயிரோடு. இனிமேல்தான் பெரிய வேலை. குட்டி கூடினாலும் சீம்பால் அதிகமாகாது, இருப்பதைத்தான் பங்கு போட வேண்டும். வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு நோய் எதிர்ப்பு வராது, எல்லாம் சீம்பாலில்தான். குட்டி ஒன்றுக்குக் குறைந்தது 200 கிராமாவது வேண்டும். 24 மணி நேரம் போனால் குடல் அதை உறிஞ்சாது. முதலில் பிறந்த தடியன்கள் குடித்துக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் வந்த சிறிசுகளுக்கு இடமே கிடைக்காது. அதனால் வயிறு நிறைந்த எட்டின் முதுகில் மையால் கோடு போட்டு, விளக்குச் சூட்டில் 34 டிகிரி இருக்கும் பெட்டியில் ஒரு மணி நேரம் அடைத்தேன். அதற்குள் மற்ற எட்டும் குடித்தன. பிறகு அவற்றை வெளியே விட்டு, இன்னொரு சுற்று. சப்பத் தெம்பில்லாத இரண்டுக்குச் சீம்பாலைக் கறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். விடியும்வரை இதே வேலை.

எல்லாம் சீம்பால் குடித்த பிறகு, மறுநாள் மதியம், இரண்டு பெரிய குட்டிகளை முந்தின நாள் ஈன்ற இன்னொரு தாயிடம் விட்டேன். அதனிடம் பத்துதான் இருந்தன. சிறிசுகளை மாற்றத்தான் மனம் சொல்லும், ஆனால் புது இடத்தில் முட்டிமோதிக் காம்பு பிடிக்கப் பெரியவற்றால்தான் முடியும். தள்ளிப்போடவும் கூடாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டால் புதிதாக வருவதை விடாது.

28ஆம் நாள் பால் மறக்கடித்தேன். இடம் மாறிய இரண்டையும் சேர்த்து 15 நின்றன. போன ஈற்றில் எலும்பும் தோலுமாகி, பருவத்துக்கு வரவே வாரக்கணக்கில் இழுத்தடித்த தாய் இது. பாலூட்டும்போது தின்னும் அளவுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தது வீண்போகவில்லை. ஐந்தாம் நாள் காலை முதுகை அழுத்தினேன். காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. பருவத்துக்கு வந்துவிட்டது.