தும்பிக்கை வைத்த லை

போன மாதம் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது தாத்தாவின் தகரப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே நாலைந்து நிப்புகள், தக்கை சுற்றிய ஒரு பேனாக் கட்டை, அப்புறம் இரண்டாக மடித்த ஒரு ஈயத்தாள். விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். தாள் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து எம். ஐம்பதுக்கு மேல் இருக்கும், எல்லாம் ஒரே சாய்வில்.

தாத்தா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராக இருந்தவர். அதற்கு முன்பு, பதினான்கு வயதில், தப்பால்காரர். தபாற்கந்தோருக்கு நடந்து போய், தோட்டத்துக்கு வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு திரும்ப மலையேற வேண்டும். வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து உறைகளின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். எந்த இடத்தில் கோடு தடிக்கிறது, எந்த இடத்தில் மயிரிழையாகிறது என்று மனசில் ஏற்றிக்கொண்டு வந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எழுதிப் பார்ப்பார். கொப்பி வாங்க வழியில்லை. ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடும் ஈயத்தாளில் கிழிந்த துண்டுகள் கிடைக்கும். அதன்மேல் மழுங்கிய குச்சியால் எழுதுவார். அழுத்தினால் பள்ளம் அகலும், கையை லேசாக்கினால் ஒடுங்கும். நிப்பு செய்வதும் இதைத்தானே! அதன் முனையிலிருக்கும் இரண்டு காலும் அழுத்தத்தில் விரிந்து மையை அகலமாக விடும், விட்டதும் ஒட்டிக்கொள்ளும். நிப்பைத் தொடுவதற்கு முன்பே அந்த அழுத்தத்தைக் கை படித்துவிட்டது.

அலங்கார எழுத்தைப் பற்றி நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்து ஆறு வருசமாகிறது. அதில் முதலில் என் நெஞ்சில் தைத்தவர் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர். 1800 இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் இறந்தபின் குடும்பம் ஒகாயோவுக்குப் போனது. அந்தப் பையனுக்கும் தாள் கிடையாது. மரப்பட்டையில், பனியில், ஈரி ஏரிக்கரை மணலில் எழுதிப் பழகினார். கரையில் தண்ணீர் உருட்டிய கூழாங்கற்களின் வடிவத்திலிருந்து எழுத்தின் வளைவுகளை எடுத்தார் என்று சொல்வார்கள். பிறகு தன் பண்ணையில் ஒரு மரக்கட்டை வீட்டிலேயே பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1864 இல் அவர் இறந்தபிறகு பிள்ளைகள் அவருடைய முறையைப் பாடப்புத்தகங்களாக்க, அமெரிக்காவில் கடைக்கணக்கு எழுதுகிறவர் வரைக்கும் அந்தக் கை பரவியது. கொக்கக்கோலா என்ற பெயரை 1886 இல் எழுதியவர் பிராங்க் ரொபின்சன் என்ற கணக்காளர். அது ஸ்பென்சர் வழி எழுத்துத்தான். தலவாக்கலை டவுனில் எந்தக் கடைப் பலகையிலும் இன்றைக்கும் பார்க்கலாம்.

தாத்தாவின் கை ஸ்பென்சர் கை இல்லை. அவர் உறைகளில் பார்த்தது வெள்ளைக்காரக் கந்தோர்களில் ஓடிய ஆங்கிலேய வட்டெழுத்து, ரவுண்ட் ஹேண்ட் (நம் பழைய தமிழ் வட்டெழுத்து அல்ல). லண்டனில் ஜோர்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய மாதிரிப் புத்தகத்தில் இருக்கும் கை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால் செப்புத்தகட்டு எழுத்து என்றும் பெயர். அதில் கீழே இறங்கும் கோடெல்லாம் தடிக்கும். ஸ்பென்சரிலோ பெரும்பாலும் மெல்லிய கோடு, அங்கங்கே மட்டும் ஒரு தடிப்பு. சாய்வும் கொஞ்சம் கூடுதல், 52 பாகை.

இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. “விரல் எழுதக்கூடாது, கைதான் எழுதணும்” என்று தாத்தா சொல்வார். பெரிய எழுத்து வந்தால் முழங்கையைக் கொஞ்சம் தூக்கி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த ஓட்டத்திலேயே தாளில் இறக்குவார். சின்ன வயதில் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கிறேன். ஒகாயோவின் கொலம்பஸ் நகரில் சேனர் என்பவர் 1888 இல் தொடங்கிய எழுத்துக் கல்லூரியில் மாணவர்கள் பழகியதும் இந்தத் தோளசைவைத்தான் என்று படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு பாமர் என்பவர் தடிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, வேகமாக எழுத ஒரு முறை கொண்டுவந்தார். தட்டச்சு இயந்திரமும் வந்தது. அலங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனது. பாமரின் பாடம் நல்ல பாடம்தான், ஆனாலும் அந்தத் தடிப்பை அவர் எடுத்ததை என்னால் ஏற்க முடிவதில்லை.

சரி, மைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் பல நூறு வருசம் எழுதிய கறுப்பு மை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தது. ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் வீங்கும் காய்தான், குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிறோமே, அதே மாசிக்காய். நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கிறது. இடித்து ஊறவைத்து, வடித்து, வேலம்பிசின் கரைத்தேன். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டு அடுத்த நாள் கன்னங்கரேலென்று ஆகிவிடும். மாசிக்காய்க்குப் பதில் கடும் சாயத்தண்ணீரிலும் செய்து பார்த்தேன். தேயிலையின் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, ஆனால் சாம்பல் கலந்த கறுப்பு. பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் தாள் ஈரம் குடித்து மை பரவும், நிப்பைத் துடைக்க மறந்தால் காலையில் துரு. புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், மை பிடிக்காது. நுவரெலியா உருளைக்கிழங்கில் பத்து நிமிடம் குத்தி வைத்துத் துடைத்தால் போதும்.

தாத்தாவின் ஆங்கிலத்தை விட எனக்குப் பிடித்தது அவருடைய தமிழ். அதே நிப்பால் பழைய லை எழுதுவார். ல-வுக்கு முன்னால் இரட்டைச் சுழி போடாமல், தலைக்கு மேலே தும்பிக்கை மாதிரி வளைத்துத் தூக்குவது. ணை, ளை, னை மூன்றுக்கும் அப்படியே. தமிழ்நாட்டு அரசு 1978 இல் சீர்திருத்தி எடுத்துவிட்ட வடிவம். அச்சுக்கோப்பவருக்கு அது சுமை என்பது புரிகிறது. கையால் எழுதுகிறவனுக்கு அது சுமையே இல்லை. தும்பிக்கை மேலே ஏறும்போது மயிரிழை, வளைந்து இறங்கும்போது தடிப்பு. ஆங்கிலேய வட்டெழுத்தின் பெரிய எழுத்துக்கு உள்ள அதே ஓட்டம் நம் எழுத்துக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. எங்கள் சொற்களைப் பாருங்கள்: மலை, தேயிலை, வேலை, கணக்கப்பிள்ளை. ஊர்ப் பெயர்களும் தலவாக்கலை, இராகலை, சாமிமலை, அக்கரப்பத்தனை. தாத்தா ஒரு விலாசம் எழுதினால் வரிக்கு ஒரு யானை நிற்கும்.

1948 இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 இல், எங்களில் எத்தனை பேர் இந்தியாவுக்கு, எத்தனை பேர் இலங்கைக்கு என்று பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அந்த வருசங்களில் லயத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது தாத்தாவின் இராத்திரி வேலை. லாம்பு வெளிச்சத்தில், காசு வாங்காமல். மாரியாயி என்று ஒரு பெயர் வந்தால் அந்த எம்முக்கு முழங்கையைத் தூக்குவார், துரைக்கு எழுதும் கடிதத்தில் தூக்கும் அதே உயரத்துக்கு. “சும்மா எழுதிக் குடுங்கய்யா, நேரமாகுது” என்று யாராவது சொன்னாலும் விடமாட்டார் என்று அம்மா சொல்வார். “இந்தம்மா பேரு ஒரு கந்தோருக்குள்ள போகுது, நல்லா உடுத்திப் போகட்டும்” என்பாராம்.

இப்போது சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகள் என் வீட்டுக்கு எழுதப் பழக வருகிறார்கள். நிப்பு எட்டுப் பேருக்கும் போதாது. அதனால் பால்மாப் பக்கெட்டைக் கழுவி, வெட்டி, வெள்ளிப் பக்கம் மேலே தெரிய ஒரு கொப்பிமேல் வைத்து, கம்பளி பின்னும் ஊசியைக் கையில் கொடுக்கிறேன். போன கிழமை அதில் ஒருத்தி தன் அம்மம்மாவின் பெயரை எழுதினாள். அஞ்சலை. லைக்குத் தும்பிக்கை ரொம்ப நீண்டு அடுத்த வரியில் போய் இடித்தது. அழிக்க முடியாதே என்று என்னைப் பார்த்தாள். பக்கெட்டைத் திருப்பி, இன்னொரு மூலையைக் காட்டினேன்.