ஸ்டாஃப் ரிப்போர்ட்டில் சறுக்கும் இடங்கள்

ஸ்டாஃப் என்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் லேப் ரிப்போர்ட்டில் சறுக்கும் இடங்கள் பல. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப்தான் எம்.ஆர்.எஸ்.ஏ.; ஆனால் அந்தப் பெயரிலுள்ள மெத்திசிலினை இன்று எந்த நோயாளிக்கும் போடுவதில்லை. லேபில்கூட அதை வைத்துச் சோதிப்பதில்லை. 1959-இல் வந்த மருந்து அது. 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டாஃப் இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது.

இப்போது சோதனைக்கு வைப்பது 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் மருந்து ஏற்றிய டிஸ்க். கிருமி பரப்பிய தட்டில் அதை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளக்க வேண்டும். எதிர்ப்பைத் தருவது மெக்-ஏ ஜீன். அது உண்டாக்கும் பி.பி.பி. 2ஏ என்ற புரதத்தில் பென்சிலின் வகையறா சரியாக ஒட்டாது. கிருமி பாட்டுக்குச் சுவர் கட்டிக்கொண்டே போகும். அந்த ஜீனைக் கிளப்பிவிடுவதில் செஃபாக்ஸிடின் கெட்டி. கிருமிக் கரைசலின் கலங்கல் மெக்ஃபார்லண்ட் அளவில் 0.5, தட்டில் முல்லர்-ஹின்டன் அகார் என்ற கூழ், வளரவிடுவது 16 முதல் 18 மணி நேரம். ஸ்டாஃப் ஆரியஸுக்கு வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ.; 22-உம் அதற்கு மேலும் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. நடுவில் 'இடைநிலை' என்று எதுவும் கிடையாது. இன்குபேட்டர் 35 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்பு ஒளிந்துகொள்ளும். மற்ற தட்டுகளோடு சேர்த்து 37-இல் தள்ளிவிடும் பழக்கம் இங்கேதான் காலை வாருகிறது.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ஆகிவிட்டால், பென்சிலின் வகையறாவிலுள்ள செஃப்ட்ரியாக்சோனுக்கோ மெரோபெனத்துக்கோ வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை 'எஸ்' (மருந்துக்கு அடங்கும்) என்று எழுதக்கூடாது. செஃப்டரோலின் மாதிரி ஓரிரு மருந்துகள்தான் விதிவிலக்கு.

அடுத்த பொறி கிளிண்டாமைசின். எரித்ரோமைசினுக்கு 'ஆர்' (அடங்காது), கிளிண்டாமைசினுக்கு 'எஸ்' என்றிருக்கும் ரிப்போர்ட்டை அப்படியே நம்பக்கூடாது. 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்கையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்கையும் 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி 'டி' எழுத்துபோல் நின்றால், கிளிண்டாமைசினை எதிர்க்கும் எர்ம் ஜீன் உள்ளே பதுங்கியிருக்கிறது என்று பொருள். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது விழித்துக்கொள்ளலாம்.

வான்கோமைசினுக்கு டிஸ்கே வேண்டாம். பெரிய மூலக்கூறு, அகாரில் மெதுவாகத்தான் பரவும்; மந்தமான எதிர்ப்பு வட்டத்தில் தெரியாது. திரவ முறையில் எம்.ஐ.சி. (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு, மி.லி.க்கு மைக்ரோகிராமில்) பார்ப்பதே வழி: 2 வரை சரி, 4 முதல் 8 இடைநிலை, 16-லிருந்து எதிர்ப்பு. மருந்தை எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி., 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. எல்லாருக்கும் 'ஒரு கிராம், இரண்டு வேளை' என்று எழுதினால் 85 கிலோ ஆளுக்கு அது போதாது. ஒரு கிராமை நரம்பில் இறக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதைப் பெரும்பாலும் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் எழுதி, நல்ல மருந்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை என்று வந்த பிறகும் வான்கோமைசினையே ஓட்டுவது. அங்கே செஃபசோலின்தான் கிருமியை வேகமாகக் கொல்லும். மாற்றியே ஆக வேண்டும். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசினுக்குப் பதிலாகத் தரும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். நிமோனியாவுக்கு டாப்டோமைசின் கூடாது, நுரையீரலின் உட்புறம் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தத்தில் ஸ்டாஃப் ஆரியஸ் வந்துவிட்டால், காய்ச்சல் விட்டதே என்று கல்ச்சரை (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையை) நிறுத்தக்கூடாது. நெகட்டிவ் ஆகும்வரை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சிக்கலில்லாதவருக்குக்கூட வேண்டிய குறைந்தபட்ச 14 நாள் மருந்து, முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து அல்ல.